மரக்கால் என்றே பெயர் வைப்போம்

(இரும்பையில் விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



கூலிக் கணக்கை நாமே குறித்து வைக்க, செல்போனில் ஓடும் மென்பொருள் ஒன்றை நம் வாலிபர்கள் எழுதி வருகிறார்கள். அதன் மூலநிரலை, அதாவது இயந்திரம் எப்படிக் கணக்குப் போட வேண்டும் என்று எழுதிய கட்டளைகளை, யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று விடப் போகிறார்கள். என்ன பெயர் வைக்கலாம் என்று நம்மைக் கேட்டார்கள். பெயர்தானே, எதையாவது வைத்தால் போகிறது என்றார்கள் சில தோழர்கள். அப்படி விட்டுவிட முடியாது.

இந்த இயக்கத்தை 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கினார். அவர் வைத்த ஆங்கிலப் பெயருக்கு இலவசம் என்றும் பொருள், சுதந்திரம் என்றும் பொருள். அவர் சொன்னது சுதந்திரத்தை. 1998-ல் வேறு சிலர், கம்பெனிக்காரர்கள் மிரளக் கூடாதென்று ‘திறந்த மூலம்’ என்று புதுப் பெயர் சூட்டினார்கள். சரக்கு ஏறக்குறைய ஒன்றே. சுதந்திரம் என்ற சொல் மட்டும் நழுவிவிட்டது! தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்கிறோம். பண்ணைக்குக் கட்டுண்டு கிடந்த குடும்பங்களுக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்துப் புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரன் ஆண்ட 1934-ல், தோழர் வ. சுப்பையா தொடங்கிய பத்திரிகைக்கு வைத்த பெயரும் ‘சுதந்திரம்’தான்.

பெயர் யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். கடிதமும் கணக்கும் எழுத உதவும் ‘ஓப்பன் ஆபீஸ்’ பல நாட்டார் உழைத்து வளர்த்தது. அதை நடத்தி வந்த சன் கம்பெனியை 2010-ல் ஆரக்கிள் விலைக்கு வாங்கியது. உழைத்தவர்களில் பலர் அவ்வாண்டு செப்டம்பரில் தனி ஸ்தாபனம் அமைத்தார்கள். நிரலை எடுத்துச் செல்லத் தடையில்லை. பெயரோ கம்பெனியின் சொத்து! கேட்டார்கள், கிடைக்கவில்லை. ‘லிப்ரே ஆபீஸ்’ என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். லிப்ரே என்றால் பிரெஞ்சு மொழியில் சுதந்திரமான என்று பொருள். மறு ஆண்டு ஆரக்கிள் பழைய பெயரை அப்பாச்சி அமைப்புக்குக் கொடுத்தது. அதற்குள் ஆட்கள் போய்விட்டார்கள்.

சரி, நம் காரியத்துக்கு வருவோம். கணினியில் தமிழ் எழுத ‘தமிழா’ குழுவினர் வெளியிட்ட மென்பொருளுக்கு ‘எ-கலப்பை’ என்று பெயர். ஏரோட்டுகிறவனுக்கு உடனே பிடிபடும். வாயில் நுழையாத பெயரை வைத்தால் களையெடுக்கும் பெண்கள் அதைத் தொடுவார்களா? தலைவர் ஒருவரின் பெயரை வைக்கலாம் என்றார் ஒரு தோழர். தலைவர்களுக்குச் சிலைகள் போதும்.

எங்கள் யோசனை ‘மரக்கால்’. தஞ்சையில் மிராசுதார்கள் கூலி நெல் அளக்கச் சின்ன மரக்கால் வைத்திருந்தார்கள். கள்ள மரக்கால் என்றார்கள் ஜனங்கள். 1940-களில் தோழர் பி. சீனிவாசராவ் முன்னின்று நடத்திய கிளர்ச்சியில், சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்பதோடு, முத்திரையிட்ட மரக்காலால் அளக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். அளவு சரிதானா என்று சோதித்த பிறகே முத்திரை விழும். மூலநிரலை மறைத்து வைத்த மென்பொருள் நம் கூலியைக் கணக்கிட்டால், சரியா தப்பா என்று எதை வைத்துச் சோதிப்பது?

ஒரு வேலை பாக்கி. இதே பெயரில் வேறு மென்பொருள் உண்டா என்று வாலிபர்கள் தேடிப் பார்க்க வேண்டும். இருந்தால் ‘முத்திரை மரக்கால்’ என்று வைத்துக்கொள்ளலாம். பெயரைப் பதிவு செய்வதானால் தனி ஆள் பேரில் வேண்டாம். சங்கத்தின் பேரில் இருக்கட்டும்.