கடாரம்: மலையும் கடலும் கோயிலும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடாரம் கொண்டான் என்னும் விருதுப் பெயரைச் செவியுறாத தமிழர் இலர். ஆயினும், முதலாம் இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டில் கடற்படை செலுத்தி வென்ற அக்கடாரம் யாண்டுள்ளது என வினவினால், விடை கூறுவோர் சிலரே. மலேசிய நாட்டின் வடமேற்கில் இன்று கெடா என வழங்கும் மாநிலமே அது. பட்டினப்பாலை குறிப்பிடும் காழகம் கடாரமே என்பது உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கருத்து.

கெடாவின் தலைநகர் அலோர் ஸ்டார். மலேசியாவின் நெற்களஞ்சியம் என இம்மாநிலம் போற்றப்பெறுகின்றது. 1885-இல் தொடங்கி வெட்டப்பெற்ற வான் மாட் சாமான் கால்வாய், சதுப்பு நிலத்தை விளைநிலம் ஆக்கிற்று. 1970-இல் நிறைவெய்திய மூடா நீர்ப்பாசனத் திட்டம் ஒரு போக வயல்களை இரு போகம் ஆக்கிற்று. காவிரிப் படுகையிற் பிறந்தார் ஒருவர் அங்குச் செல்வாராயின், தம் ஊரையே கண்டாற்போல மகிழ்வர்.

கடலை ஒட்டிய இச்சமவெளியில் தனித்து எழுந்து நிற்பது ஜெராய் மலை. இதன் உயரம் 1,217 மீட்டர். நெடுந்தொலைவிலிருந்தே தோன்றுவதாகலின், பண்டைக் கடலோடிகளுக்கு இதுவே கரைகாட்டும் குறியாயிற்று. ஒரு பருவக் காற்றால் வந்த மரக்கலங்கள், மறு பருவக் காற்று எழும் வரை இங்குக் காத்திருந்தன. அங்ஙனம் தங்கிய வணிகர் வழிபட இடம் வேண்டுமன்றோ? மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில்கள் எழுந்தமைக்கு இது ஒரு காரணமாகும்.

மேற்கே கடலில் லங்காவித் தீவுக்கூட்டம் உள்ளது. அதில் 99 தீவுகள் உள்ளன என்பர். மச்சின்சாங் மலையின் மணற்பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. கிலிம் ஆற்றங்கரையில் அலையாத்திக் காடுகளும் சுண்ணாம்புக்கற் குகைகளும் கண்ணைக் கவர்கின்றன. 2007-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஏற்பிசைவு பெற்ற இந்நிலவியற் பூங்கா, தென்கிழக்காசியாவில் அச்சிறப்பெய்திய முதலாவது ஆகும்.

இனி, கோயில்களைக் காண்போம். பூஜாங் பள்ளத்தாக்கிலும் அதனைச் சூழ்ந்த பகுதியிலும் 50-க்கும் மேற்பட்ட பழங்கட்டட எச்சங்கள் அறியப்பட்டுள்ளன. அங்கு அவற்றைச் சண்டி என்பர். குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆங்கில அறிஞரும் அவர்தம் துணைவியாரும் 1936, 1937-ஆம் ஆண்டுகளில் பலவற்றை அகழ்ந்தனர். புக்கிட் பத்து பாஹாட் என்னுமிடத்துக் கருங்கற் கோயில் 1960-இல் மீள அமைக்கப்பெற்றது. அதன் அடித்தளத்தின் கீழ், சிறு குழிகள் உடைய கற்பேழைகள் கிடைத்தன. கோயில் எடுக்குங்கால் நிலத்துள் மணியும் பொன்னும் வைக்கும் நம் ஆகம மரபு, இதனைக் காண்போர்க்கு நினைவில் எழும்.

சைவமும் பௌத்தமும் அம்மண்ணில் அருகருகே வாழ்ந்தன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரமும் கடாரத்தரசர் எடுப்பித்ததே. சிவநெறிச் செல்வனாகிய முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். இது படையெடுப்புக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் முன் நிகழ்ந்தது. போருக்குப் பின்னரும், 1090-இல் முதலாம் குலோத்துங்கன் கடாரத்தரசர் வேண்டுகோளை ஏற்று அவ்விகாரத்திற்குரிய உரிமைகளை உறுதி செய்தான். ஆதலின், கடாரத்தை வெற்றியின் பெயராக மட்டும் கொள்ளுதல் முறையன்று. அது நட்பின் பெயருமாகும்.

இத்தகைய செல்வம் ஒருநாளில் அழியவும் கூடும். 2013-ஆம் ஆண்டில், பதினொன்றாம் எண் சண்டி வீட்டுமனைப் பணிக்காக இடித்துத் தள்ளப்பட்டது. அது தனியார் நிலத்தில் இருந்தது. சட்டப் பாதுகாப்புப் பெற்ற பட்டியலில் இடம்பெற்றிருக்கவில்லை. நூற்றாண்டுகள் பல மழையைத் தாங்கிய செங்கற்கள், பதிவில்லாக் குறையால் மறைந்தன. செய்தி பரவியபின் எழுந்த வருத்தம் அவற்றை மீட்கவில்லை.

எனினும், ஆறுதல் தரும் செய்தியும் உண்டு. ஜெராய் மலைக்கு வடக்கே புக்கிட் சோராஸ் என்னுமிடத்தில் 2023-இல் தொடங்கிய அகழாய்வு, பெரியதொரு பௌத்தக் கட்டடத்தையும் சுதைச் சிற்பங்களையும் வெளிக்கொணர்ந்தது. தேடுவார்க்கு அம்மண் இன்னும் தருகின்றது.

அன்பர்களே! கெடாவிற்குச் செல்வோர் லங்காவியின் கடற்கரையோடு திரும்பிவிடாது, மெர்போக் அருங்காட்சியகத்தையும் கண்டு வருக. பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்க. செல்ல இயலாதோர், தத்தம் ஊர்க் கோயிலின் கல்வெட்டையேனும் ஒருமுறை படித்தறிக. திருப்பணி என்னும் பெயரால் அதன் எழுத்துகள் சுண்ணாம்பில் மறையாவண்ணம் காத்தல் நம் கடன். இருப்பதனை அறிந்து பதிவு செய்தலே காத்தலின் முதற்படி.