பெருநாள் பொம்மையும் பரிசோதனைக்கூடமும்

(சோமனூரில் நமது அறக்கட்டளை நடத்திய தாய்மார்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பெருநாள் வந்தால் பிள்ளைகள் கையில் பெருநாள் காசு வந்துவிடும். தொழுகை முடிந்து வெளியே வரும்போதே தள்ளுவண்டியில் சாவி கொடுத்தால் ஓடும் கார், ஸ்பிரிங் துப்பாக்கி, தலையாட்டும் குரங்கு எல்லாம் காத்திருக்கும். ஐம்பது ரூபாய், நூறு ரூபாய். அத்தா கையைப் பிடித்து இழுத்து வாங்கிவிடுவார்கள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பது இந்தப் பேச்சின் நோக்கமல்ல. அந்தப் பொம்மையைப் பிள்ளையின் கையில் கொடுக்கும் முன் யாராவது சோதித்துப் பார்த்தார்களா என்ற ஒரு கேள்வியை மட்டும் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

சோதனை என்பது நம் ஊருக்குப் புதிதல்ல. நம்மில் பாதிப் பேர் தறியை நம்பியும், மீதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளை நம்பியும் பிழைக்கிறோம். வெளிநாட்டுக்குப் போகும் குழந்தைத் துணியை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது செக்கிங்கில் வேலை பார்க்கும் நம் சகோதரிகளுக்குத் தெரியும். ஸ்நாப் பட்டனைக் கருவியில் மாட்டி, பையர் சொன்ன விசையில் இழுத்துப் பார்ப்பார்கள். பட்டன் கழன்றால் அந்த லாட்டே நிற்கும். தையல் ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டுகளும் கிடைக்கும்வரை தேட வேண்டும். பெட்டியில் போடும் முன் ஊசி கண்டறியும் இயந்திரத்தில் ஒவ்வொரு பீஸும் போய் வரும். ஐரோப்பாவுக்குப் போகும் சிறு பிள்ளைகளின் சட்டையில், தலைமூடிக்கும் கழுத்துக்கும் இழுகயிறு வைக்கவே கூடாது. எங்காவது மாட்டிக்கொண்டு கழுத்தை இறுக்கிவிடும் என்பதே காரணம்.

முகம் தெரியாத ஒரு ஊரில், முகம் தெரியாத ஒரு குழந்தைக்காக இவ்வளவும் செய்கிறோம். அது நல்ல காரியம். அதே அக்கறை நம் வீட்டுக் குழந்தைக்கும் உரியது என்பதுதான் இன்றைய பேச்சின் சாரம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020 பிப்ரவரியில் பிறப்பித்தது. 2021 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கான பொம்மை எதுவானாலும், உள்நாட்டில் செய்ததோ வெளிநாட்டிலிருந்து வந்ததோ, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. முத்திரை தருவது இந்தியத் தர நிர்ணய அமைவனம், அதாவது பி.ஐ.எஸ். தொழிற்சாலையைப் பார்த்து, பொம்மையைப் பரிசோதனைக்கூடத்தில் சோதித்த பிறகுதான் உரிமம் தருவார்கள். அதற்குப் பிறகும் கடையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிப்பது உண்டு.

இந்த ஆணை ஏன் வந்தது? 2019இல் இந்தியத் தர கவுன்சில் டெல்லி வட்டாரச் சந்தையிலிருந்து இறக்குமதிப் பொம்மைகளை வாங்கிச் சோதித்தது. 121 மாதிரிகளில் சுமார் 67 சதவீதம் தேறவில்லை. அதற்கும் முன்பே டெல்லி, மும்பை, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் வாங்கிய பிராண்டு இல்லாத மலிவு விலை பிளாஸ்டிக் பொம்மைகளில் ஈயமும் காட்மியமும் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டு எழுதியிருந்தார்கள்.

விலை கூடிய பொம்மை என்றால் கவலை இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. 2007இல் உலகப் புகழ்பெற்ற மேட்டல் நிறுவனமே, பெயின்டில் ஈயம் இருந்ததாலும் காந்தங்கள் கழன்று வந்ததாலும் லட்சக்கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. நம் நாட்டில் 2023 ஜனவரியில் ஒரு மாதக் கணக்கைப் பி.ஐ.எஸ். வெளியிட்டது. மால்களிலும் விமான நிலையங்களிலும் இருந்த பெரிய கடைகள் உட்பட 44 இடங்களில் சோதனை நடத்தி, முத்திரை இல்லாத சுமார் 18,600 பொம்மைகளைக் கைப்பற்றியிருந்தார்கள். ஆகவே தள்ளுவண்டிக்காரரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை.

பரிசோதனைக்கூடத்தில் என்ன நடக்கிறது?

அங்கே நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால், குழந்தை என்ன செய்யுமோ அதைப் பெரியவர்கள் செய்து பார்க்கிறார்கள். குழந்தை பொம்மையைப் பத்திரமாக வைத்து விளையாடாது. கீழே போடும், கடிக்கும், திருகும், மேலே ஏறி நிற்கும். அத்தனையையும் தாங்குகிறதா என்று பார்ப்பதற்கு ஐ.எஸ். 9873 என்ற தர விதிமுறை இருக்கிறது. அதன் முதல் பகுதி பொம்மையின் கட்டமைப்பைப் பற்றியது.

முதலில் கீழே போட்டுப் பார்ப்பார்கள். ஒன்றரை வயது தாண்டிய பிள்ளைகளுக்கான பொம்மையை, சிமென்ட் தளத்தின் மேல் ஓடு பதித்த தரையில், சுமார் 93 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து நான்கு முறை போடுவார்கள். பிறகு சக்கரம், கண், மூக்கு என்று கையில் பிடிபடும் ஒவ்வொரு பாகத்தையும் திருகுவார்கள், இழுப்பார்கள், அழுத்துவார்கள். பட்டனை இழுத்துப் பார்த்த நம் சகோதரிகளுக்கு இது புரியும்.

இவ்வளவுக்கும் பிறகு ஏதாவது ஒரு துண்டு கழன்று வந்தால், அதை ஓர் உருளைக்குள் போடுவார்கள். 31.7 மில்லிமீட்டர் அகலம், அதாவது பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வாய். அடிப்பகுதி சரிவாக இருக்கும். சிறு குழந்தையின் தொண்டையை மனதில் வைத்துச் செய்த அளவு அது. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மையிலிருந்து வந்த துண்டு, எந்தப் பக்கம் திருப்பினாலும் சரி, அதற்குள் முழுவதுமாக அடங்கினால் அந்தப் பொம்மை தேறாது. தொண்டையில் அடைக்கும் என்பதே பொருள்.

சாவி கொடுக்கும் பொம்மைகளுக்குத் தனி விதிகள் உண்டு. உள்ளே சுழலும் பல்சக்கரத்தில் விரல் படும்படி இருக்கக் கூடாது. சாவிக்கும் பொம்மையின் உடலுக்கும் இடையே உள்ள இடைவெளிக்கு ஓர் அழகான கணக்கு வைத்திருக்கிறார்கள். 5 மில்லிமீட்டர் கம்பி நுழையும் இடைவெளி என்றால், 12 மில்லிமீட்டர் கம்பியும் நுழைய வேண்டும். அதாவது ஒன்று, பிஞ்சு விரல் உள்ளே போகவே கூடாது. அல்லது, போனால் நசுங்காமல் திரும்பி வர வேண்டும். கீல் வைத்த கதவு, மூடி எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

ஸ்பிரிங் துப்பாக்கியிலிருந்து பாயும் குண்டு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளப்பார்கள். காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கியையும், இரும்பு முனை வைத்த அம்பையும் இந்த விதிமுறை பொம்மை என்றே ஏற்பதில்லை. பிளாஸ்டிக் மணி போட்டுச் சுடும் துப்பாக்கியைப் பிள்ளைகள் கேட்டு அழும்போது இதை நினைவில் வையுங்கள். கண் போனால் திரும்ப வராது.

இன்னொரு பகுதி நெருப்பு பற்றியது. துணிப் பொம்மையும் முடி வைத்த பொம்மையும் தீப்பட்டால் எவ்வளவு வேகமாக எரிகின்றன என்று பார்ப்பது. மூன்றாம் பகுதி பெயின்டும் பிளாஸ்டிக்கும் பற்றியது. பெயின்டைச் சுரண்டி எடுத்து, நம் வயிற்றில் சுரக்கும் அமிலத்தைப் போன்ற ஒரு திரவத்தில், உடல் சூடான 37 டிகிரியில், இரண்டு மணி நேரம் வைப்பார்கள். ஈயம், காட்மியம், பாதரசம் முதலான எட்டுப் பொருள்கள் அதில் எவ்வளவு கரைந்து வருகின்றன என்று அளப்பார்கள். ஈயத்துக்கு ஒரு கிலோவுக்கு 90 மில்லிகிராம்தான் எல்லை. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காய்ச்சல், வாந்தி என்று உடனே காட்டாது. படிப்பில் பின்தங்கும்போது காரணம் தெரியாமல் நிற்போம்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேலே ஐ.எஸ். எண் இருக்கும். பொம்மைக்கு அது 9873. பேட்டரியிலோ மின்சாரத்திலோ ஓடுவது என்றால் 15644. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். முத்திரையை யாரும் அச்சடித்து ஒட்டிவிடலாம். ஆகவே செல்போனில் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியை இறக்கி, அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். எந்தக் கம்பெனி, எந்தப் பொருள், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். 'சி.இ.' என்ற எழுத்து ஐரோப்பியச் சந்தைக்கு உரியது. நம் நாட்டில் அது ஐ.எஸ்.ஐ.க்கு ஈடாகாது. '0–3' என்று எழுதி, அழுமுகம் போட்டு, குறுக்கே கோடு போட்டிருந்தால், மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை போலப் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும், அரசிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்பவற்றுக்கும் இந்த ஆணையில் விலக்கு உண்டு. அவற்றில் முத்திரை இல்லை என்பதால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். வாயில் வைக்கும் வயதுப் பிள்ளையிடம் கொடுக்காமல் இருந்தால் போதும்.

முத்திரை இல்லாமல் விற்பதாகத் தெரிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். கோயம்புத்தூரிலேயே பி.ஐ.எஸ். கிளை அலுவலகம் இருக்கிறது. பொம்மைக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. மொத்தக் கடையில் சரக்கு எடுக்கும்போதே முத்திரையும் பில்லும் கேட்டு வாங்குங்கள். சட்டம் செய்தவரை மட்டுமல்ல, விற்றவரையும் பிடிக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

"ஏற்கெனவே வீட்டில் ஒரு கூடை பொம்மை கிடக்கிறதே, அதை என்ன செய்வது?" என்று சில தாய்மார்கள் கேட்டார்கள். பரிசோதனைக்கூடத்தின் உருளையை ஏறக்குறைய நாமே செய்யலாம். 10 சென்டிமீட்டர் நீளமும் ஐந்தரை சென்டிமீட்டர் அகலமும் உள்ள அட்டையை வெட்டுங்கள். நீளவாட்டில் வளைத்து, முனையோடு முனை சேர்த்து டேப் ஒட்டுங்கள். கிட்டத்தட்ட அதே அளவுக் குழாய் கிடைக்கும். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. இது அங்கே செய்யும் சோதனைக்கு ஈடல்ல. கண்ணுக்குத் தப்பும் ஆபத்தைக் காட்டித் தரும்.

அதோடு, ஆடும் சக்கரத்தையும் தளர்ந்த கண்ணையும் கையால் இழுத்துப் பாருங்கள். உடைந்து கூர்மையானதை, பெயின்ட் உரிவதைத் தூக்கிப் போடுங்கள். வெடித்த பலூன் துண்டை உடனே பொறுக்கிவிடுங்கள். சின்னஞ்சிறு காந்தங்கள் வீட்டில் வேண்டாம். இரண்டு காந்தம் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஓட்டை போட்டுவிடும்.

எல்லாவற்றிலும் அவசரமானது வட்டப் பேட்டரி. பேட்டரி வைக்கும் மூடி, திருகாணியைக் கழற்றினால்தான் திறக்க வேண்டும். விரலால் திறக்க முடிந்தால் அந்தப் பொம்மை வேண்டாம். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல், 108ஐ அழைத்து எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

"முத்திரை உள்ளது விலை கூடுதலாக இருக்கிறதே" என்பது நியாயமான பேச்சு. கூலியில் ஓடும் குடும்பங்களின் நிலை நமக்குத் தெரியாததல்ல. ஐந்து பொம்மைக்குப் பதில் ஒன்று வாங்கலாம். சமையலறைக் கிண்ணங்களை அடுக்கி விளையாடுவதில் பிள்ளைக்குக் குறைவான சந்தோஷம் இல்லை. பனியன் கட்டிங் வேஸ்ட்டில் ஒரு துணிப் பந்து தைத்துக் கொடுங்கள். பொம்மை தைத்தால், கண்ணுக்குப் பட்டன் வைக்காமல் நூலால் போடுங்கள். குழுவாகச் சேர்ந்து தைத்து விற்க நினைக்கும் சகோதரிகள் மட்டும், விற்பனைக்கு உரிமம் வேண்டும் என்பதை முதலில் கோவை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அறக்கட்டளையின் சார்பில் மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறோம். வரும் பெருநாளில் நாங்கள் வழங்கும் பரிசுப் பைகளில் முத்திரை சரிபார்த்த பொம்மை மட்டுமே இருக்கும். எண்ணிக்கை குறைந்தாலும் சரி. நன்கொடையாக வரும் பழைய பொம்மைகளைக் குழாய் வைத்துப் பார்த்து, இழுத்துப் பார்த்த பிறகே கொடுப்போம். இன்று உங்கள் ஒவ்வொருவருக்கும் அளவு குறித்த அட்டை ஒன்று தருகிறோம். அதைப் பக்கத்து வீட்டுத் தாய்மாருக்கும், நம் ஊருக்கு வேலைக்கு வந்து லைன் வீடுகளில் தங்கியிருக்கும் வடமாநிலக் குடும்பங்களுக்கும் காட்டிக் கொடுங்கள்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வாங்கும் பொம்மையைத் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை ஒதுக்குவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.