ரஞ்சன்குடிக் கோட்டையும் அதன் கதைசொல்லிகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



நினைவுச் சொற்பொழிவு என்றால் தேசத்தின் பெரிய விஷயங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்பது ஒரு சம்பிரதாயம். அச்சம்பிரதாயத்தை இன்று சற்றே மீறி, இம்மாவட்டத்து மக்கள் நித்தியம் பார்த்தும் பாராமலும் கடந்துபோகிற ஒரு கோட்டையை முன்னிட்டு, கட்டடக் கலையும் கதை சொல்லும் கலையும் கூடி நாம் வாழும் இடங்களை நமக்கு எவ்வாறு காட்டித் தருகின்றன என்று சொல்ல உத்தேசித்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் போகும் நெடுஞ்சாலை வெள்ளாற்றைக் கடந்து பெரம்பலூர் மாவட்டத்துக்குள் புகுந்த பின், மங்களமேட்டை அடுத்து, பாறைக் குன்றொன்றின் மேல் மதில்கள் அடுக்கடுக்காக ஏறி நிற்பதைப் பஸ்ஸின் ஜன்னலிலிருந்தே காணலாம். கர்நாடக நவாபுக்கு உட்பட்ட ஜாகீர்தார் ஒருவர் பதினேழாம் நூற்றாண்டில் கட்டியது என்பது அதைப் பற்றி வழங்கிவரும் சரித்திரம். தொல்லியல் துறையாரின் பாதுகாப்பில் அது இருக்கிறது. பிரயாணிகள் அதைப் பார்க்கிறார்கள். "ஏதோ கோட்டை" என்கிறார்கள். அடுத்த சுங்கச்சாவடி எங்கே என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இதே பிரயாணிகள் செஞ்சிக்குப் போனால் வண்டியை நிறுத்துகிறார்கள். மூச்சு வாங்க மலை ஏறுகிறார்கள். தேசிங்கு ராஜன் எங்கே விழுந்தான், அவன் குதிரை பாராசாரி எங்கே தாண்டியது என்று கேட்கிறார்கள். செஞ்சி மிகப் பெரியது என்பது உண்மையே. ஆனாலும் ஓராண்டுகூட முழுமையாக ஆளாமல் 1714-இல் போரில் மடிந்த ஓர் இளைஞனின் கதையைத் தெருத்தெருவாகப் பாடித் திரிந்த பாடகர்கள் இல்லாதிருந்தால், செஞ்சியும் இன்று "ஏதோ கோட்டை"யாகவே நின்றிருக்கும் என்பது என் அபிப்பிராயம். ரஞ்சன்குடிக்கு அப்படியொரு பாடகன் வாய்க்கவில்லை.

பாடகன் இல்லாவிட்டாலும் கட்டடம் வாயடைத்துக் கிடப்பதில்லை. நீள்வட்டமான அமைப்பு, சுற்றிலும் அகழி, இடைக்கிடை அரைவட்டமாகப் புடைத்து நிற்கும் கொத்தளங்கள், செதுக்கிப் பொருத்திய கருங்கற்களால் ஒன்றுக்குமேல் ஒன்றாக மூன்று நிலைகளில் எழுந்த மதில்கள், கீழே பேட்டை, மேலே கோட்டைமேடு, மாளிகையின் எச்சங்கள், மசூதி, நிலவறை, கோட்டைமேட்டையும் பேட்டையையும் பூமிக்கடியில் இணைக்கும் ஒரு வழி: இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் அஞ்சிய அச்சத்துக்கு யாரோ ஒருவர் கண்டுபிடித்த விடையாகும். கொத்தளம் ஏன் வளைந்திருக்கிறது? சதுரமாகக் கட்டினால் மூலையின் அடியில் பதுங்குகிற எதிரியை மேலிருப்பவன் காண முடியாது. பீரங்கிக் குண்டும் தட்டையான சுவரில் முழு வேகத்தோடு மோதும். வளைந்த சுவரிலோ பெரும்பாலும் சறுக்கிப் போகும். மதிலை நேர்கோட்டில் கட்டாமல் பாறையின் போக்குக்கு ஏற்பக் கட்டியதால், கல்லும் கூலியும் மிச்சமானதோடு, சுவர் எங்கே முடிந்து மலை எங்கே தொடங்குகிறது என்று பகைவன் திகைக்கும்படியும் ஆயிற்று. இவ்விவரங்களைச் சொல்லி ஒரு பையனை அந்தக் கொத்தளத்தின் கீழ் நிறுத்திப் பாருங்கள், அவன் உடனே சுவரோடு ஒட்டி நின்று, மேலிருக்கிற தோழனைப் பார்த்து, "நான் தெரிகிறேனா?" என்று கூவுவான். கட்டடத்தை அறிவதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது.

இனிக் கதைக்கு வருவோம். ரஞ்சன்குடியின் முதல் கதைசொல்லி ஓர் அன்னியர். அஞ்சுதெங்கில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்து, கம்பெனியின் யுத்தங்களைப் பெரிய சரித்திரமாக எழுதிய ராபர்ட் ஓர்ம் என்பவர், 1751-இல் இங்கே நிகழ்ந்ததை விரிவாக வருணித்திருக்கிறார். அவர் வாலிகொண்டா என்று குறிப்பிடும் கோட்டை இதுவே என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. ஒருபுறம் கர்நாடக நவாப் பதவிக்கு உரிமை கோரிய முகம்மது அலியை ஆதரித்து வந்த ஆங்கிலேயப் படை; மறுபுறம் அவருக்குப் போட்டியான சந்தா சாகிபும் அவருக்குத் துணையான பிரெஞ்சுக்காரரும். இரண்டு பாளையங்களையும் பாறையின் உச்சியிலிருந்து பார்த்துக்கொண்டு, எவர் வெல்வார் என்று தெரியாத நிலையில், இருதரப்பாருக்கும் இனிமையாகவே பதில் அனுப்பிக் காலம் கடத்திய ஒரு கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர். ஆங்கிலேயத் தளபதி பொறுமை இழந்தார்; பேட்டையின் மண்மதிலைத் தாண்டி ஊருக்குத் தீ வைத்தார்கள்; கற்கோட்டையை அவர்களால் பிடிக்க முடியவில்லை. கில்லேதார் பிரெஞ்சுக்காரருக்கு வாயிலைத் திறந்துவிட்டார். பின் நடந்த சண்டையில் ஆங்கிலேயப் படையினர் வெருண்டு ஓடினார்கள். ஓடியவர்களை நிறுத்த முயன்று தோற்ற அதிகாரிகளில் ராபர்ட் கிளைவும் ஒருவர். அதே ஆண்டில் ஆர்க்காட்டைப் பிடித்துப் புகழ் சம்பாதித்த அந்தக் கிளைவேதான்.

பாறையைச் சூழ்ந்து மூன்று மதில்கள், சமவெளியில் கல்லாலான ஒரு கோட்டை, அதை ஒட்டி மண்மதில் சூழ்ந்த ஊர் என்று ஓர்ம் எழுதியதை மனத்தில் இருத்திக்கொண்டு கோட்டைமேட்டில் நின்றால், அவர் சொற்களும் நம் காலடியிலுள்ள கற்களும் ஒன்றுக்கொன்று சாட்சி கூறுவதைக் காணலாம். ஆனால் அந்தச் சாட்சியத்தில் ஒரு குறையும் உண்டு. கற்கோட்டை நிற்கிறது, கில்லேதாரின் தந்திரம் நிற்கிறது, தீயில் வெந்த பேட்டையின் மண்வீடுகளும், அவற்றில் நூல் நூற்றவர்களும் தானியம் விற்றவர்களும் ஒரு வாக்கியத்துக்குள் எரிந்து போய்விட்டார்கள். ஓர்மின் நோக்கம் யுத்தம். ஊர் அவருக்கு யுத்தத்தின் தரை. நம் ஊரைப் பற்றிய கதையை நாம் சொல்லாமல் விட்டால் எவ்வகைக் கதை எஞ்சும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இம்மாவட்டத்திலேயே இருக்கிறது. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் சிறுவராக இருந்தபோது, அவருடைய தந்தையார் இராமாயணப் பிரசங்கம் செய்து ஜீவனம் நடத்தியதால், குடும்பம் அரியலூர், குன்னம், கார்குடி என்று ஊர் ஊராக வாழ்ந்தது. அரியலூரில் சடகோபையங்காரிடமும், பிறகு செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் அவர் தமிழ் கற்றார். 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கிய 'என் சரித்திர'த்தில் இவ்வூர்கள் வருகின்றன. செங்கணத்தில் மதிலும் அகழியும் இல்லை. அங்கே ஓர் ஆசிரியர் இருந்தார், அவரிடம் காரிகை பாடம் கேட்க ஆவலோடு வந்த ஒரு பையன் இருந்தான், அவ்வளவே. ஆனாலும் அந்நூலைப் படித்த எவரும் செங்கணத்தின் பெயர்ப்பலகையைக் கண்டால் ஒரு கணம் நிற்காமல் போவதில்லை. கோட்டையுடைய ஊருக்குச் சொந்தக் கதைசொல்லி இல்லை. கோட்டையில்லாத ஊருக்கு ஐயரவர்கள் கிடைத்தார்கள். விதியின் பங்கீடு சில சமயம் இப்படித்தான் அமைகிறது.

ஐயரவர்களின் ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை எத்தனையோ தலபுராணங்களை இயற்றியவர். ஓர் ஊரில் வசதியுள்ளவர்கள் கூடித் தங்கள் ஊருக்கு ஒரு புராணம் பாடித் தர வேண்டும் என்று வித்துவானை வேண்டிக்கொள்வதும், அவர் அவ்வூரின் குளத்தையும் சோலையையும் மரத்தையும் மூர்த்தியையும் பாடுவதும், பின்னர் ஊரார் நடுவே அரங்கேற்றம் நடப்பதும் அக்காலத்து வழக்கம். அவற்றில் மிகை உண்டு. எல்லா ஊரும் பூலோக கைலாசமாகிவிடும் அலுப்பும் உண்டு. இருந்தும், குளத்தில் இறங்குகிறவன் எந்தப் படியில் எதை நினைக்க வேண்டும் என்று அவை அவனுக்குக் கற்றுக்கொடுத்தன. வாலி வழிபட்டதாகச் சொல்லப்படும் வாலிகண்டபுரம் ரஞ்சன்குடிக்கு அருகில்தான். பிஜப்பூர் சுல்தானின் அதிகாரியாகிய ஷேர்கான் லோடி 1670-களில் அங்கிருந்துதான் ஆட்சி செலுத்தினார்; புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் குடியேற அநுமதி தந்தவர் அவரே. வானரராஜனும் பிஜப்பூர் அதிகாரியும் ஒரே ஊரின் கதையில் சண்டையில்லாமல் இருக்கிறார்கள். ஊர் இருவரையும் தாங்குகிறது.

பெரம்பலூருக்குத் தெற்கே சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் பொதுவாகத் திங்களும் வெள்ளியுமே திறந்திருக்கும். மற்ற நாட்களில் அம்பிகை மலையில் செல்லியம்மனோடு இருக்கிறாள் என்பது பக்தர்களின் நம்பிக்கை. கதை தெரியாதவனுக்குச் செவ்வாய்க்கிழமை அது பூட்டிய கதவு. தெரிந்தவனுக்கோ அம்மன் வெளியூர் போயிருக்கிற வீடு. அவன் வாசலில் நின்று, தொலைவில் தெரியும் மலையின் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுகிறான். அக்கணத்தில் கதவும் மலையும் இடைப்பட்ட வயல்வெளியும் ஒரே கட்டடமாகிவிடுகின்றன. எந்தச் சிற்பியும் வரைபடத்தில் போட முடியாத விஸ்தாரம் அது.

இவ்வளவு சொன்னதனால் எல்லாக் கதைகளையும் நான் ஆதரிக்கிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். நம் நாட்டில் எந்தக் கோட்டைக்குப் போனாலும், அங்கிருந்து பத்துக் காதம் தள்ளியுள்ள வேறொரு கோட்டைக்குச் சுரங்கப்பாதை போகிறது என்று சொல்ல ஒருவர் காத்திருப்பார். ரஞ்சன்குடியில் உள்ள வழியோ கோட்டைமேட்டுக்கும் பேட்டைக்கும் இடையே மட்டும் செல்வது. இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. எனக்கோ இதுவே உயர்ந்த கதையாகப்படுகிறது. பேட்டை விழப்போகிறது என்ற செய்தி வந்த இரவில், எரியும் கூரைகளின் வெளிச்சத்தில் தலை காட்டாமல், கீழிருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக மேலே வந்து சேர வேண்டும். அதற்கென்று ஒருவர் முன்கூட்டியே யோசித்துப் பாறையைக் குடைந்திருக்கிறார். பத்துக் காதச் சுரங்கம் ஆச்சரியத்தைத் தந்து அறிவை மூடிவிடுகிறது. இக்குறுகிய வழியோ கட்டியவனின் மனத்துக்குள் நம்மை அழைத்துப்போகிறது. கதை கல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான்.

கதையும் கட்டுமானமும் கோட்டைக்கும் கோயிலுக்கும் மட்டும் உரியவை என்றும் நினைக்கக் கூடாது. சின்ன வெங்காயத்துக்குப் பெயர்போன இம்மாவட்டத்தில், அறுவடையானதும் விலை ஏறும்வரை காயைக் காப்பாற்ற, வயலோரத்திலேயே பட்டறை போடுகிறார்கள். தரையில் கற்களை வைத்து, அவற்றின் மேல் கழிகளைப் பரப்பி, பக்கங்களில் தட்டி கட்டி, வெங்காயத்தை நிரப்பி, மேலே ஓலை வேய்கிறார்கள். அடியில் காற்று ஓட வேண்டும். பக்கத்தில் காற்று புக வேண்டும். மேலே மழை இறங்கக் கூடாது. குவியல் அதிக அகலமாகவும் இருக்கக் கூடாது, இருந்தால் நடுவில் புழுங்கி அழுகும். மூன்று பக்கம் காற்றுக்கும் ஒரு பக்கம் மழைக்கும் விடை சொல்கிற இந்தச் சிறு கட்டடத்தைப் போடுகிறவர், எந்த வருஷம் நல்ல விலை வந்தது, எந்த வருஷம் காத்திருந்து முளைவிட்டுப் போயிற்று என்ற கதைகளையும் கூடவே வைத்திருக்கிறார். கொத்தளத்தைக் கட்டியவன் குண்டை நினைத்தான். இவர் ஐப்பசி மழையை நினைக்கிறார். சிந்தனையின் ஜாதி ஒன்றே. கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு இதையும் ஏன் காட்டக் கூடாது?

கதை அற்றுப்போன கட்டடத்துக்கு என்ன நேரும் என்பதை அரியலூர்ப் பக்கத்து மக்கள் அறிவார்கள். கொள்ளிடத்தில் 1836-இல் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். அந்த இஞ்சினீயர்களின் கண்ணுக்கு அது ராஜேந்திர சோழனின் தலைநகரமாகத் தெரியவில்லை. செதுக்கித் தயாராகக் கிடந்த கல்லாகத் தெரிந்தது. அணையினால் பயிர் விளைந்தது, அதை மறுப்பதற்கில்லை. பின்னர் கல்வெட்டறிஞர்கள் அக்கோயிலின் கதையைப் படித்துச் சொன்னார்கள். கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் படம் வரைய, சோழ தேசத்து வழிகளெல்லாம் வீட்டுத் திண்ணைகளில் பேசப்பட்டன. 2004-இல் அக்கோயில் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இன்று அதிலிருந்து ஒரு கல்லை எடுக்க எவருக்கும் துணிவு வராது.

ஆகவே ரஞ்சன்குடிக்கு ஒரு யோசனை கூறி அமைகிறேன். கோட்டையைக் காண்பிப்பதற்கு உள்ளூர் இளைஞர்கள் சிலரைத் தெரிந்தெடுத்து, கொத்தளம் ஏன் வளைந்தது என்பதை அளவு சொல்லி விளக்கவும், கில்லேதாரின் கதையைச் சுவையாகச் சொல்லவும், பேட்டையில் எரிந்த வீடுகளை மறவாதிருக்கவும் பழக்க வேண்டும். காலையில் வெங்காயப் பட்டறையில் தொடங்கி, பேட்டை வழியாகக் கோட்டைமேடு ஏறி, மாலையில் வாலிகண்டபுரத்துக் கோயிலையும் பழைய மசூதியையும் பார்த்து முடிக்கும்படி ஒரு நாள் நடையை வகுக்கலாம். அப்படிச் சொல்கிறவர்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இஞ்சினீயருக்கு ஊதியமும் கதை சொல்கிறவருக்கு ஒரு தம்ளர் காப்பியும் என்கிற ஏற்பாடு நம்மிடையே நெடுங்காலமாக நடந்துவருகிறது. இவ்வறக்கட்டளையின் வட்டியில் ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடைபெறுகிறது. எனக்கு அளித்த சன்மானத்தை அந்த இளைஞர்களில் முதலாமவரின் முதல் மாதச் சம்பளத்துக்காக இங்கேயே விட்டுச் செல்கிறேன். மீதிப் பதினொரு மாதத்துக்கு இச்சபையிலுள்ளவர்கள் பொறுப்பேற்கலாம்.