தீ உண்ணும் காற்று: கல்வராயன் மலை வீடுகளில் விறகடுப்பை அமைக்கும் முறை

சேர்வராயன், சவ்வாது, பச்சைமலை ஆகியவற்றோடு கிழக்குத் தொடர்ச்சி மலையின் அங்கமாக எண்ணப்படும் கல்வராயன் மலை, சின்னக் கல்வராயன் எனப்படும் வடபகுதியில் சுமார் 2,700 அடி உயரமும் பெரிய கல்வராயன் எனப்படும் தென்பகுதியில் சுமார் 4,000 அடி உயரமும் கொண்டது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், இம்மலைமீதுள்ள வெள்ளிமலையைச் சூழ்ந்த மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களில், மார்கழி, தை மாத இரவுகளில் அடுப்பின் வேலை சோறு ஆக்குவதோடு முடிவதில்லை. வெந்நீர் காய்வதும் வீட்டார் குளிர்காய்வதும் அதே தீயில்தான். சமவெளியில் திறந்து கிடக்கும் கதவும் சன்னலும் மலையில் குளிருக்கு அஞ்சி அடைக்கப்படும் அந்த நேரத்தில், அடுப்புக்குக் காற்று எவ்வழியாக வருகிறது என்னும் வினா வீட்டாரின் உயிரைப் பற்றிய வினாவாகிறது.

ஒரு கிலோ உலர்ந்த விறகு முழுமையாக எரிவதற்குக் கணக்கின்படி ஏறத்தாழ 5 கன மீட்டர் காற்று தேவை. காற்றும் தீயும் சீராகக் கலப்பதில்லை என்பதால் நடைமுறையில் இதைப் போல் இருமடங்கு தேவைப்படுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக உள்ள ஓர் அறையில் அடங்கும் காற்றே சுமார் 28 கன மீட்டர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், மணிக்கு ஒரு கிலோ விறகு எரியும் சிறிய அடுப்புகூட அந்த அறைக் காற்றில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்கிறது என்பது விளங்கும். மலையின் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்திருப்பதால், அதே விறகுக்கு இன்னும் சற்றுக் கூடுதலான காற்று வேண்டும். ஓட்டு வீடும் கூரை வீடும் தம் இடுக்குகள் வழியே இக்காற்றைத் தாமாகவே தந்துவந்தன. நான்கு புறமும் பூசப்பட்டு, கான்கிரீட் தளமும் இறுக்கமான கதவும் பொருத்தப்பட்ட புது வீட்டில் அந்த இடுக்குகள் இல்லை.

காற்று போதாமல் எரியும் தீயிலிருந்து கார்பன் மோனாக்சைடு பெருமளவில் வெளிப்படுகிறது. நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, குருதியில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு உயிர்வளியைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைந்துகொள்வதால், மூச்சு இயல்பாக நடந்துகொண்டிருக்கும்போதே உடல் மூச்சற்றுப் போகிறது. கண்ணைக் கரிக்கும் புகை மனிதரை எழுப்பி வெளியே துரத்திவிடும். புகையே இல்லாமல் சிவந்து கனலும் தணலுக்கு அந்த எச்சரிக்கைக் குணம் இல்லை. இரவில் தணலைச் சாம்பலால் மூடி வைத்து விடியற்காலையில் ஊதி எழுப்பும் வழக்கமும், கங்குகளைச் சட்டியில் அள்ளிப் படுக்கையருகே வைக்கும் வழக்கமும் அடைத்த அறையில் ஆபத்தாவது இதனாலேயே. கொடைக்கானலிலும் உதகையிலும் அறைக்குள் கரியடுப்பை வைத்து உறங்கிய பயணிகள் உயிரிழந்த நிகழ்வுகள் அவ்வப்போது செய்தியாகின்றன. அவற்றில் தீ பரவுவதுமில்லை, எவரும் கூக்குரலிடுவதுமில்லை.

புகையற்ற அடுப்புக்கான முயற்சிகள் நம் நாட்டில் பழமையானவை. ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் எஸ். பி. ராஜு வடிவமைத்த புகைபோக்கி அடுப்பைப் பற்றிய நூல் 1953-இல் சென்னையில் அச்சானது. 1983-இல் நடுவண் அரசு தொடங்கி 2002 வரை நடத்திய அடுப்புத் திட்டத்தில் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன. அவற்றுள் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டதற்குப் புகைபோக்கிகள் கரியடைத்தும் உடைந்தும் போனது ஒரு முதன்மையான காரணம்.

கள்ளக்குறிச்சிக்கு இத்துறையில் தனியிடம் உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனம் பங்கேற்று, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளோடு இந்தியாவிலும் நடத்தப்பட்ட ஹாப்பின் என்னும் பன்னாட்டு ஆய்வில், நாகப்பட்டினத்தோடு கள்ளக்குறிச்சியும் ஆய்வுக் களமாக இருந்தது. நான்கு நாடுகளிலும் சேர்த்து 3,200 கர்ப்பிணிப் பெண்கள் இடம்பெற்ற அந்த ஆய்வில், ஒரு பிரிவினருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் 18 மாதங்களுக்கு இலவசமாக வழங்கப்பட, மறுபிரிவினர் வழக்கமான விறகடுப்பிலேயே சமைத்தனர். மூச்சில் கலக்கும் நுண்துகள், விறகுப் பிரிவில் கன மீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராமாக இருக்க, எரிவாயுப் பிரிவில் சுமார் 24 ஆகக் குறைந்தது. 2022-இல் வெளியான முடிவில் குழந்தைகளின் பிறப்பு எடையில் இரு பிரிவினருக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும், புகையைக் குறைப்பதில் எரிவாயுவுக்கு ஈடாக எந்தப் புகைபோக்கியையும் நிறுத்த இயலாது; சமையலுக்கு எரிவாயு கிடைக்கும் வீட்டில் அதையே முதலில் நாட வேண்டும். அதன் பின்னும் வெந்நீருக்காகவும் குளிருக்காகவும் எஞ்சி நிற்கும் விறகுத் தீயை எவ்வாறு பாதுகாப்பாக அமைப்பது என்பதே இவ்வுரை கருதும் பொருள்.

இத்தகைய தீக்கு இரண்டு வழிகள் வேண்டும்: காற்று உள்ளே வருவதற்கு ஒன்று, புகை வெளியேறுவதற்கு மற்றொன்று. பெரும்பாலான வீடுகளில் இரண்டாவதைப் பற்றி மட்டுமே சிந்திக்கப்படுகிறது. வெளிக்காற்றை நேராக அடுப்பின் அடிக்குக் கொண்டுவரும் குழாய் ஒன்றைச் சுவரின் கீழ்ப்பகுதியில் பதித்துவிட்டால், தீ தனக்கு வேண்டிய காற்றை அறையிலிருந்து இழுக்காது. கதவிடுக்கு வழியே குளிர்காற்று முதுகில் அடிப்பதும் குறையும். கதவுள்ள சிறிய இரும்படுப்புக்கு நான்கு அங்குல விட்டமுள்ள குழாய் பொதுவாகப் போதுமானது. ஏற்காட்டிலும் உதகையிலும் உள்ள பழைய பங்களாக்களில் காணப்படும் கணப்பு, அதாவது குளிர்காய்வதற்கெனச் சுவரில் குடைந்து கட்டப்படும் திறந்த தீக்குழி, இதைவிட மிகுதியான காற்றை விழுங்குவது; அதன் புகைவழியின் குறுக்குப் பரப்பில் பாதியளவாவது காற்றுவழி திறந்திருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் கட்டட விதி. குழாயின் வெளிவாயில் எலியும் சருகும் நுழையாதபடி கம்பி வலையால் காக்கப்பட வேண்டும். அக்குழாய் இரும்பாலோ சுட்ட மண்ணாலோ ஆனதாக இருப்பது கட்டாயம். மலையில் காற்று திடீரெனத் திசைமாறி வீசும்போது, வெளிச்சுவரின் காற்றொதுங்கிய பக்கத்தில் உறிஞ்சல் ஏற்பட்டு, அனலும் பொறியும் காற்றுவழியிலேயே பின்னோக்கிப் பாயக்கூடும் என்பதால், எளிதில் கிடைக்கும் பிளாஸ்டிக் குழாயை அங்கே பொருத்துவது வீட்டுக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும். அதே காரணத்தால் காற்றுவழி சுவரைக் கடக்கும் இடத்தில் மூங்கிலோ மரச்சட்டமோ ஒட்டியிருத்தல் கூடாது.

புகைபோக்கியை இயக்குவது அடர்த்தி வேறுபாடு. குழாயினுள் சூடான வளி எடை குறைந்து மேலெழ, வெளியிலுள்ள குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்ப விரைகிறது. இந்த இழுவிசை குழாயின் உயரத்தோடும் வெப்ப வேறுபாட்டோடும் கூடுகிறது. ஆகவே குழாய் நேராகவும் உயரமாகவும் இருப்பது நல்லது; ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும். கூரையைக் கடக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடியும், பத்தடித் தொலைவுக்குள் உள்ள எதைவிடவும் 2 அடியும் உயர்ந்து நிற்க வேண்டும் என்பது அமெரிக்காவில் வழங்கும் அளவு; கிளைகள் வீட்டின்மேல் கவிந்திருக்கும் மலையூர்களுக்கும் இது பொருந்தும். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் தீப்பற்றும் பொருளுக்கும் இடையே 18 அங்குல வெளி வேண்டும் என்னும் விதியைப் பார்த்தால், புல்லும் மூங்கிலும் வேய்ந்த கூரையின் ஊடே அத்தகைய குழாயைச் செலுத்துவது முறையாகாது என்பது தெளிவாகும். அவ்வகை வீடுகளில் அடுப்புக்குத் தகரம் வேய்ந்த தனிக் கொட்டகையே தகுந்த இடம். கல்நார் கலந்த சிமெண்டுத் தகட்டை அறுத்துத் துளையிட்டால் நுரையீரலைக் கெடுக்கும் இழைகள் பறக்கும். அந்த ஒரு தகட்டை மட்டும் எடுத்துவிட்டு இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொள்ளலாம்.

ஈர விறகு எரியும்போது குழாயின் உட்புறத்தில் கீல் போன்ற கரும்பிசின் படிகிறது. அது ஒருநாள் தானே பற்றிக்கொண்டால் குழாய் முழுதும் கொழுந்துவிட்டெரியும். மழைக்காலத்துக்கு முன்பே விறகைப் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றாட அடுக்குவதும், குளிர்காலம் தொடங்குமுன் புகைபோக்கியைத் தூரிகையிட்டுத் துடைப்பதும் ஆண்டுதோறும் செய்யத்தக்கவை. தணல் முழுதும் அணையும்வரை புகைவழியின் தடுப்புத் தகட்டை மூடுதல் கூடாது.

தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் ஆகியவை தீயருகே இருந்தவர்களுக்கு ஒரே நேரத்தில் தோன்றினால், அவர்களை முதலில் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, பின் 108 ஊர்தியை அழைக்க வேண்டும். சாதாரணக் காற்றில், குருதியில் கலந்த கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். தூய உயிர்வளி அளித்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் குறையும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கார்பன் மோனாக்சைடு பிணைந்த குருதியையும் நல்ல குருதியாகவே காட்டும் என்பதால், அடைத்த அறையில் தணல் இருந்த செய்தியை மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.