துடைப்பம் கட்டும் குடும்பங்கள்



ஒரு தேசத்தை விட்டு மற்றொரு தேசத்துக்குக் குடிபெயர்ந்து செல்கிறவர்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் முதன்முதலாக எந்தத் தொழிலைக் கைக்கொள்கிறார்கள் என்று சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், உள்ளூர்வாசிகள் தங்கள் கௌரவத்துக்கு ஏற்றதன்று என்று ஒதுக்கிவைத்த தொழிலாகவே அது பெரும்பாலும் இருக்கக் காண்கிறோம். பாஷை தெரியாது, கையில் முதல் கிடையாது, சிபாரிசு செய்ய உற்றார் உறவினரும் இல்லை என்ற நிலையில், எவரும் போட்டிக்கு வராத தொழிலே அவர்களுக்கு அடைக்கலம் தருகிறது. லாட்வியா நாட்டிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய வில்லியம் லிப்மன் என்பவர், 1896-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்தில் துடைப்பம் கட்டி விற்கும் ஸ்தாபனம் ஒன்றைத் தொடங்கியதும் இந்த வகையில் வைத்து எண்ணத்தக்க முயற்சியே. அன்று தொடங்கிய அந்தத் தொழில் இன்றும் அவருடைய சந்ததியாரின் கையிலேயே இருந்துவருகிறது; துடைப்பத்தோடு நில்லாமல், தரை துடைக்கும் மாப்பு, தேய்க்கும் பிரஷ் என்று கிளைத்துப் பெரிய தொழிற்சாலையாக விருத்தியடைந்திருக்கிறது.

அந்தத் துடைப்பத்தின் மூலப்பொருள் நமக்கு அந்நியமானதன்று. புனேயைச் சுற்றியுள்ள தக்காண பூமியில், ஏழை பணக்காரர் என்ற வித்தியாசமில்லாமல் எல்லோருடைய தட்டிலும் பாக்ரி என்னும் ரொட்டியாக வந்து விழுகிறதே சோளம், அதன் நெருங்கிய உறவுதான் அது. தானியத்தை எதிர்பார்த்து அல்லாமல், நீண்டு விரிந்த கதிர்க்கொத்துக்காகவே பயிரிடப்படும் ஒரு வகைச் சோளம். மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஹாட்லி என்ற ஊரில் லீவை டிக்கின்ஸன் என்னும் குடியானவர் 1797-ஆம் ஆண்டில் அந்தக் கதிரைக் கொண்டு துடைப்பம் கட்டினார் என்றும், உருண்டையாக இருந்த துடைப்பத்தை இடுக்கியில் வைத்து அமுக்கித் தட்டையாக்கி, குறுக்கே வரிவரியாகத் தையல் போட்டவர்கள் ஷேக்கர்கள் என்னும் சமயக் கூட்டத்தார் என்றும் அந்நாட்டார் சொல்கிறார்கள். தட்டையான துடைப்பம் ஒரு வீச்சில் அகலமாகப் பெருக்கும், மூலைமுடுக்கிலும் நுழையும். மாறுதல் சிறிதுதான், ஆனாலும் வீட்டு வேலை செய்யும் பெண்மணிகளுக்கு அது எவ்வளவு பெரிய சகாயம் என்பதை, பெருக்கிப் பழக்கமில்லாத ஆண்மக்களுக்கு விளங்கவைப்பது கடினம்.

லிப்மன் குடும்பத்தார் 1931-ஆம் ஆண்டில் சிகாகோவை விட்டு, இல்லினாய் மாகாணத்திலேயே ஆர்கோலா என்ற சிற்றூருக்குத் தொழிற்சாலையைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். துடைப்பச் சோளம் விளைந்த பிரதேசம் அது. பிற்காலத்தில், கையால் மாத்திரமே அறுவடை செய்யக்கூடிய அந்தப் பயிருக்குக் கூலி கட்டுபடியாகாமல் போய், மெக்ஸிகோவிலிருந்து கதிர் வரவழைக்கும் காலம் வந்துவிட்டது. ஆயினும் ஆர்கோலாவில் வருஷந்தோறும் துடைப்பச் சோளத்தின் பெயரால் ஒரு திருவிழா மட்டும் நடந்துவருகிறது. இவ்வாறே குடிபெயர்ந்து வந்த இன்னொருவர், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்து பாஸ்டன் நகரத்துக்குப் பிழைக்க வந்த ஆல்பிரட் புல்லர், 1906-இல் தம் சகோதரியின் வீட்டு நிலவறையில் இரவெல்லாம் பிரஷ் முறுக்கி, பகலில் வீடுவீடாகச் சென்று விற்றார். அவருடைய விற்பனையாட்கள் அமெரிக்க நாடெங்கும் பிரசித்தியடைந்து, 1948-இல் அவர்களைப் பற்றி ஒரு ஹாஸ்யப் படமே வெளிவந்தது.

இவர்களுடைய வெற்றிக்கு உழைப்பே காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உழைப்பு மாத்திரம் போதுமென்றால், புனே நகரத்தில் துடைப்பம் கட்டும் குடும்பங்கள் எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே கோடீசுவரர்கள் ஆகியிருக்க வேண்டும்.

புனேயில் வழங்கும் துடைப்பங்கள் முக்கியமாக மூன்று. முற்றம் பெருக்கவும் நீர் தள்ளவும் பயன்படும் கராட்டா என்பது நம் ஊர் ஈர்க்குமாறுதான். வழவழப்பான தரைக்கு இப்போது எல்லோரும் வாங்கும் பூந்துடைப்பம், மேகாலயம் முதலிய கிழக்கு மலைநாடுகளில் விளையும் புல்லின் பூங்கொத்து. குளிர்காலத்தில் அறுத்து, லாரியிலேறி, தேசத்தின் குறுக்கே பிரயாணம் செய்து வந்து சேர்கிறது. இவ்விரண்டுக்கும் மூத்தது, மராட்டிய நாட்டின் சொந்தச் சொத்து, கேர்சுணி என்பது. ஓடைக்கரைகளில் தானே வளரும் ஈச்சமரத்தின் மட்டையை வெட்டி வந்து, வெயிலில் உலர்த்தி, அடிப்பாகத்து முள்ளுக்கு விரலைத் தப்பவைத்துக்கொண்டு ஓலைகளைச் சேர்த்து இறுகக் கட்டி, நுனிகளை மெல்லிய இழைகளாகக் கிழித்துவிட்டால் கேர்சுணி தயார். சொல்வதற்கு எளிது, பிடி தளராமலும் இழை உதிராமலும் கட்டுவதற்கு, சிறு வயது முதல் பழகிய கை வேண்டும். இதைக் கட்டி, தலையில் சுமந்துசென்று சந்தையில் விற்பதில் பெண்களின் பங்கு பெரிது.

அந்தக் கை பெரும்பாலும் மாதங்க் சமூகத்தாருடையது. கயிறு திரிப்பதும் துடைப்பம் கட்டுவதும் அவர்களுக்குப் பரம்பரைத் தொழில்கள். பழைய மராட்டிய கிராமத்தில் தச்சர், கொல்லர், குயவர் முதலியோரைப் போலவே அவர்களும் பலுதேதார்கள் என்ற ஊழியக்காரர் வரிசையில் சேர்ந்தவர்கள். குடியானவனுக்கு வேண்டிய கயிறும் துடைப்பமும் வருஷம் முழுவதும் கொடுத்துவிட்டு, அறுவடைக் காலத்தில் களத்தில் நின்று தங்களுக்குரிய தானியப் பங்கைப் பெற்றுக்கொள்வார்கள். இந்த ஏற்பாட்டில் ஒருவனும் பட்டினி கிடக்கவில்லை என்று சிலாகித்துப் பேசுகிறவர்கள் உண்டு. என் அபிப்பிராயத்தில், கட்டியவன் தன் சரக்குக்குத் தானே விலை சொல்ல முடியாமல் செய்த ஏற்பாடு இதுவே. நல்ல துடைப்பம் கட்டினாலும் அதே படி. இரண்டு மடங்கு கட்டினாலும் அதே படி. வழக்கத்துக்கு மேல் ஒரு மரக்கால் கூடக் கேட்பதற்கு அவனுக்கு நாக்கு எழாது. மூலதனம் என்பது அப்படிப்பட்ட களத்தில் எப்படிச் சேரும்? லிப்மன் குடும்பத்தார் சரக்குக்கு விலை வைத்தார்கள். அதன்மேல் தங்கள் குடும்பப் பெயரையே பொறித்தார்கள். மூலப்பொருள் இருக்கும் இடம் நோக்கித் தொழிலையே நகர்த்தினார்கள். இந்த மூன்றில் ஒன்றுகூட இங்கே துடைப்பம் கட்டியவனுக்குச் சாத்தியமாக இருக்கவில்லை.

சாதியின் கொடுமை இதற்கு மேலும் சென்றது. பேஷ்வாக்களின் தலைநகராயிருந்த புனேயில், தீண்டப்படாதவர் எனப்பட்டோர் தங்கள் காலடிச் சுவட்டைத் தாங்களே அழித்துக்கொண்டு போவதற்காக இடுப்பில் துடைப்பத்தையும், எச்சிலைத் தரையில் துப்பாமலிருப்பதற்காகக் கழுத்தில் மண்கலயத்தையும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது என்று டாக்டர் அம்பேத்கர் 1936-இல் எழுதியிருக்கிறார். அதே புனேயில் தீபாவளி லட்சுமி பூஜையன்று புதுக் கேர்சுணி ஒன்றை வாங்கி, மஞ்சள் குங்குமம் இட்டு, லட்சுமியாகவே பாவித்து வணங்குவது இன்றைக்கும் வழக்கம். அந்தப் பண்டிகை நாட்களில் மகாத்மா புலே மண்டை என்னும் சந்தையைச் சுற்றிய வீதிகளில் கேர்சுணிக் கட்டுகள் குவிந்திருக்கும். கட்டிய பொருள் பூஜையறைக்குள் சென்றது. கட்டியவர் வாசற்படிக்கு வெளியே நின்றார். இந்த முரண்பாட்டை வெளிநாட்டு அறிஞர் எவரும் வந்து நமக்கு எடுத்துக்காட்ட வேண்டியதில்லை. ஜோதிராவ் புலே, சாவித்திரிபாய் தம்பதியர் நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாதங்க் சிறுமி, தம் ஜனங்கள் படும் துயரத்தை ஒரு கட்டுரையாக எழுத, 1855-இல் ஞானோதயம் என்ற பத்திரிகை அதை வெளியிட்டது. புனேக்காரர்களாகிய நாம் அந்தச் சிறுமியின் பெயரை இன்னும் உரக்கச் சொல்லலாம்.

கலயத்தையும் துடைப்பத்தையும் பற்றிப் பேசுகையில், காட்கே மகாராஜை நினையாமலிருக்க முடியாது. 1876-இல் சலவைத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்து 1956-இல் மறைந்த அந்த மகான், ஓட்டாஞ்சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கையில் துடைப்பத்தோடு ஊர்ஊராகச் செல்வார். நுழைந்த கிராமத்தைப் பகலெல்லாம் பெருக்குவார். இரவில் கீர்த்தனம் செய்து, உள்ளத்துக் குப்பையையும் வாரிக்கொட்டுவார். இழிவின் அடையாளமாகச் சுமத்தப்பட்ட இரண்டு பொருள்களையும் எடுத்துத் தமக்கு ஆபரணமாக்கிக்கொண்டவர் அவர். இவ்வளவு மகத்தான காரியத்தாலும் பெருக்குகிறவருக்கு மதிப்புக் கூடியதே தவிர, துடைப்பம் கட்டுகிறவரின் வரும்படி கூடிவிடவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மதிப்பு வேறு, விலை வேறு.

இப்போது ஈச்சமரங்கள் அருகிவருகின்றன. பிளாஸ்டிக் துடைப்பங்கள் கடைதோறும் தொங்குகின்றன. ரவிவார் பேட்டையில் போஹ்ரி ஆளி போன்ற மொத்த வியாபார வீதிகளில் விற்கும் சரக்கில் கட்டியவரின் பெயர் எங்கும் காணப்படுவதில்லை. மராட்டிய அரசாங்கம், மாதங்க் சமூகத்தில் தோன்றிய எழுத்தாளர் அண்ணாபாவு சாத்தேயின் பெயரால் 1985-இல் ஒரு அபிவிருத்திக் கழகத்தை நிறுவித் தொழிற்கடன் கொடுக்க ஏற்பாடு செய்தது. நோக்கம் நல்லது. ஆனால் தனித்தனிக் குடும்பத்துக்குக் கடன் கொடுத்துவிட்டு, சரக்கை யார் வாங்குவார், என்ன விலைக்கு வாங்குவார் என்ற கேள்வியைச் சந்தையின் தயவுக்கு விட்டுவிடுவதால், கடன்தான் வளருமே ஒழியத் தொழில் வளராது.

இதற்கு மாற்று வழியைத் தேடி அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை, புனேயிலேயே இருக்கிறது. குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள், அவர்களிலும் பெரும்பாலோர் தலித் பெண்கள், 1993-இல் காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத் என்ற சங்கத்தை அமைத்தார்கள். நகரசபையின் அங்கீகாரம் பெற்ற அடையாள அட்டை வாங்கினார்கள். பின்னர் ஸ்வச்ச் என்ற கூட்டுறவு ஸ்தாபனத்தைத் தொடங்கி, மாநகராட்சியோடு 2008-இல் முறையாக ஒப்பந்தம் செய்துகொண்டு, வீடுதோறும் குப்பை சேகரித்து, அதற்கு வீட்டுக்காரர்களிடமே கட்டணம் பெற்றார்கள். அந்த ஸ்தாபனத்தின் சொந்தக்காரர்கள் அந்தப் பெண்களே. நாதியற்றவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் தங்கள் உழைப்புக்குத் தாங்களே விலை பேசினார்கள் என்றால், துடைப்பம் கட்டுகிறவர்கள் பேச முடியாதா?

முடியும், ஆனால் வாங்குகிறவர்கள் இருக்க வேண்டும். புனே மாநகராட்சி தன் தெருக்களுக்குத் துடைப்பம் வாங்குகிறது. பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் வாங்குகின்றன. நேயர்களில் பலர் குடியிருப்புச் சங்கங்களில் காரியதரிசிகளாகவும் பொருளாளர்களாகவும் இருக்கிறீர்கள், உங்கள் கட்டடங்களுக்கும் மாதந்தவறாமல் வாங்குகிறீர்கள். அந்தக் கொள்முதலை இடைத்தரகர் கையிலிருந்து எடுத்து, கட்டும் குடும்பங்கள் கூடி அமைக்கும் ஒரு கூட்டுறவுக்கு, அவர்கள் சொல்லும் நியாயமான விலைக்கு, வருஷ ஒப்பந்தமாகக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இன்று உங்கள் முன் வந்தேன். உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இந்தப் பேச்சை நீங்களே எடுங்கள்.