பெருநாள் முடிந்தது, பழக்கம் முடிய வேண்டாம்

(ஷவ்வால் மாதம் நாட்டரசன்கோட்டையில் நடைபெற்ற நமது அறக்கட்டளையின் குடும்பச் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரை)



 



பெருநாள் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. ரமலானில் சுப்ஹுத் தொழுகைக்குப் பள்ளியில் எத்தனை ஸஃப் நின்றது, இன்று காலை எத்தனை நின்றது என்பது உங்களுக்கே தெரியும். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எல்லா ஊரிலும் வருடா வருடம் நடப்பதுதான். சஹருக்கு எழுந்த அதே உடம்பு, குர்ஆன் ஓதிய அதே நாவு, கோபத்தை அடக்கிய அதே மனசு. ஒரு மாதம் முழுக்கச் செய்ய முடிந்ததை அடுத்த மாதம் ஏன் செய்ய முடியவில்லை? இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஈமான் பலவீனமாகிவிட்டது என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். இன்னொரு காரணமும் இருக்கிறது. ரமலானில் நம்மைச் சுற்றி ஊரே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தது. சஹருக்கு எழுப்ப வீட்டில் ஆள் இருந்தது. நோன்பு திறக்க நிமிடம் குறித்து அட்டவணை ஒட்டியிருந்தது. தராவீஹுக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று கூப்பிட்டார். நேரமும் குறிக்கப்பட்டிருந்தது, துணையும் இருந்தது. பிறை தெரிந்த இரவோடு அந்த ஏற்பாடு கலைந்தது. வேர் பிடிக்காத நாற்றைத் தாங்கி நின்ற குச்சியைப் பிடுங்கியது போல, பழக்கமும் சாய்ந்துவிட்டது.

வேர் பிடிக்க எத்தனை நாள் வேண்டும்? லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 2010இல் அச்சில் வந்தது. 96 பேரிடம், தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் ஒரு சிறிய காரியத்தைச் செய்து வரச் சொன்னார்கள். சாப்பிடும்போது ஒரு பழம், இரவு உணவுக்கு முன் கொஞ்சம் ஓட்டம், இப்படி எளிய காரியங்கள்தான். யோசிக்காமல் தானாகவே நடக்கும் அளவுக்கு அது பழக்கமாக நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது.

இதை நம் பிறைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ரமலான் 29 அல்லது 30 நாள். ரமலான் முதல் பிறையில் ஒருவர் ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கினால், அந்த 66 நாள் நிறைவது துல்கஅதா முதல் வாரத்தில். பெருநாள் அன்று அவர் பாதித் தூரம்தான் வந்திருக்கிறார். நாமோ, "அடுத்த ரமலானில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அங்கேயே இறங்கிவிடுகிறோம். மானாமதுரைக்கு டிக்கெட் எடுத்துவிட்டுச் சிவகங்கையில் இறங்குவது போன்றது இது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நபிமொழி நாம் எல்லோரும் அறிந்தது. செயல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்பது அதன் கருத்து. அளவைவிடத் தொடர்ச்சிக்குத்தான் மதிப்பு. ஆனால் ஷவ்வாலில் நாம் என்ன செய்கிறோம்? ரமலானின் முழு அளவையும் தூக்கிச் செல்லப் பார்க்கிறோம். நான்கு நாளில் மூச்சு வாங்குகிறது. மொத்தத்தையும் கீழே போட்டுவிடுகிறோம். நாள் ஒன்றுக்கு ஒரு ஜுஸ்உ ஓதியவர் இன்று ஒரு பக்கம்கூட ஓதுவதில்லை. முப்பதுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் எத்தனையோ எண்கள் இருக்கின்றன.

மதீனாவில் அச்சாகும் முஸ்ஹஃபில் 604 பக்கங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்றால் 302 நாள். இன்றிலிருந்து அடுத்த ரமலானுக்கு ஏறத்தாழ 310 நாள் இருக்கிறது. இன்று தொடங்குகிறவர் அடுத்த ரமலான் பிறைக்கு முன்னால் ஒரு முறை குர்ஆனை முழுதாக ஓதி முடித்திருப்பார். நிதானமாக ஓதினாலும் பத்து நிமிட வேலை. தமிழாக்கத்தையும் சேர்த்துப் படிக்க விரும்புகிறவர்கள் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு ரமலானுக்குள் அர்த்தம் தெரிந்து முடித்துவிடலாம்.

"நேரம் இல்லையே" என்பீர்கள். நேரத்தைத் தேடினால் கிடைக்காது. ஏற்கெனவே இருக்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போட வேண்டும். மற்றவர்கள் அதற்கு அலாரம் வைக்க வேண்டும். நமக்கு அல்லாஹ் ஒரு நாளில் ஐந்து முடிச்சுகளைத் தந்திருக்கிறான். சுப்ஹுக்குப் பிறகு இரண்டு பக்கம். அஸருக்குப் பிறகு, சர்க்கரை உள்ளவர்கள் அரை மணி நேரம் நடை. மஃரிபுக்குப் பிறகு பிள்ளைகளோடு ஒரு பாடம். இஷாவுக்குப் பிறகு ஒரு புத்தகத்தில் நான்கு பக்கம். "தினமும் படிக்க வேண்டும்" என்று நினைத்தால் நடக்காது. "இஷா தொழுதுவிட்டு வந்ததும் படிப்பேன்" என்றால் நடக்கும்.

நம் பக்கத்து மாவட்டத்துப் பிள்ளை ஒருவரின் காலை நேரத்தைச் சொல்கிறேன். 1931இல் ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள்தான். சிறுவனாக இருந்தபோது விடியலுக்கு முன்பே எழுந்து கணக்கு வகுப்புக்குப் போவார். திரும்பி வந்தால் தொழுகை, குர்ஆன் ஓதுதல். அது முடிந்ததும் பத்திரிகை. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்தியிருந்தார்கள். ஓடுகிற ரயிலிலிருந்து வீசப்படும் பத்திரிகைக் கட்டுகளை எடுத்துவந்து வீடு வீடாகப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார். அவருடைய அறிவைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்தக் காலை நேரத்தையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். ஒரு வேலை முடியும் இடத்தில் அடுத்த வேலை காத்திருந்தது. அதனால் ஒவ்வொரு நாளும் புதிதாக மனசைத் தேற்ற வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

"அது சின்ன வயசு, நமக்கு உத்தியோகமும் பொறுப்பும் இருக்கிறதே" என்று பெரியவர்கள் கேட்கலாம். அதற்கும் நம் மண்ணோடு தொடர்புள்ள ஓர் உதாரணம் உண்டு. கம்பர் அடங்கிய இடம் என்று தமிழுலகம் போற்றும் சமாதி இந்த ஊரில்தான் இருக்கிறது. 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம், பங்குனியில் எடுக்கும் விழாவின் நிறைவு நாளை இங்கே நடத்துவது வழக்கம். அந்தக் கம்பனை நன்கு கற்று, மேடையிலும் எழுத்திலும் விளக்கிய பெரியவர்களில் ஒருவர் நாகூரில் 1921இல் பிறந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில் அவர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராகவும் இருந்தவர். அவர் தமிழ்ப் பேராசிரியர் அல்லர். தொழில் சட்டம். நீதிமன்றத்துக் கட்டுகளைப் படித்துத் தீர்ப்பு எழுதும் வேலைக்கு நடுவிலும் தமிழைக் கைவிடவில்லை. வாலி வதையைப் பற்றி 'மூன்று வினாக்கள்' எழுதினார். சுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாற்றை வண்ணக்களஞ்சியப் புலவர் பாடிய இராஜநாயகத்தைப் பற்றி 'இனிக்கும் இராஜநாயகம்' எழுதினார். வேலை அதிகம் என்று சொல்ல அவரைவிட உரிமை உள்ளவர் யார்? பத்தாயிரம் பாடல்களுக்கு மேல் உள்ள ஒரு காவியம் ஒரு வார விடுமுறையில் யாருக்கும் வசப்படாது. கொஞ்சம் கொஞ்சமாக, பல வருடம் உட்கார்ந்தால்தான் வரும்.

அடுத்ததாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆண்கள் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். "உங்களுக்காகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்" என்று பெண்களிடம் சொல்வது எளிது. அவர்களுடைய பத்து நிமிடம் அவர்கள் கையில் இல்லை. அடுப்பில் பால் இருக்கும், இடுப்பில் பிள்ளை இருக்கும், கட்டிலில் மாமியார் மருந்து கேட்பார். வீட்டில் ஒரு பெண் தினமும் ஓத வேண்டும், படிக்க வேண்டும், பாதியில் விட்ட டிகிரியை அஞ்சல் வழியில் முடிக்க வேண்டும் என்றால், அந்த நேரத்தில் பிள்ளையை வேறு ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களே அறிவித்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் புதிய பழக்கம் எது என்று இன்னும் முடிவு செய்யாத ஆண்களுக்கு ஒன்று சொல்கிறேன். மஃரிபுக்குப் பிறகு இருபது நிமிடம் பிள்ளையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இதுவும் ஒரு பழக்கம்தான். ஒரே பழக்கத்தில் இரண்டு பேர் வளர்வார்கள்.

அத்தா துபாயிலோ சவூதியிலோ மலேசியாவிலோ இருக்கும் வீடுகளும் இங்கே உண்டு. தினமும் வீடியோவில் பேசத்தான் செய்கிறீர்கள். அதில் ஐந்து நிமிடம் பிள்ளை ஒரு பக்கம் வாசிக்கட்டும், அத்தா கேட்கட்டும். தொலைவில் இருப்பவருக்கும் பிள்ளையின் படிப்பில் பங்கு கிடைக்கும்.

இளைஞர்களே! குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழில் இருந்து வருகிறது. அதற்கு அடிப்படை நீங்கள் ஏற்கெனவே படித்த பள்ளிப் பாடப் புத்தகங்கள்தான். அறிவிப்பு வந்த பிறகு இரவு பகலாகப் படிப்பவரைவிட, அறிவிப்புக்கு ஆறு மாதம் முன்பே இரவுக்கு ஒரு பாடம் படித்து வைத்தவருக்குத் தைரியம் இருக்கும். அந்த ஒரு பாடத்தின் நேரத்தைத் தின்பது எது என்று உங்களுக்குத் தெரியும். போனைத் தலையணை அருகில் வைக்காதீர்கள். கூடத்தில் சார்ஜ் போடுங்கள். தலையணை அருகில் புத்தகம் இருக்கட்டும்.

நடுவில் ஒரு நாள் விட்டுப் போனால்? உடம்பு சரியில்லாமல் போகும், கல்யாண வீடு வரும், மௌத்து வரும். நான் சொன்ன ஆய்வு ஒன்றைத் தெளிவாகக் காட்டியது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை. கெடுப்பது, "போச்சு, இனி எதற்கு" என்று மறுநாளும் விடுவதுதான். ஒரு நாள் விடலாம், அடுத்தடுத்து இரண்டு நாள் விடாதீர்கள். பெருநாளோடு விட்டவர்களும் மனம் தளர வேண்டாம். இன்று தொடங்கினால், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து பத்து நாளில் 66 நாள் நிறைந்துவிடும்.

இதற்குக் கணக்கு வேண்டும். நம் ஊரின் நகரத்தார் வீடுகள் பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் நடத்தி நிமிர்ந்தவை. அன்றைய வரவு செலவை அன்றே எழுதுவது அவர்கள் பழக்கம். குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று ஒழுங்காக வைத்தார்கள். மறுமையில் கணக்குக் கேட்கப்படுவதற்கு முன் இங்கேயே நம்மை நாம் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதாகச் சொல்லப்படுகிறது. காசுக்கு எழுதுகிற கணக்கை நம் நாளுக்கும் எழுதுவோம். அடுக்களைச் சுவரில் ஒரு நாட்காட்டி போதும். செய்த நாளில் ஒரு புள்ளி வையுங்கள். வீட்டில் எல்லோர் கண்ணிலும் படட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்றிரவு இஷாவுக்குப் பிறகு ஒவ்வொருவரும் ஒரே ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எந்தத் தொழுகையோடு முடிச்சுப் போடப் போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள். வீட்டில் ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நாம் மறுபடியும் கூடும்போது அந்த நாட்காட்டியைப் பற்றிப் பேசுவோம்.

ரமலான் நமக்குத் தந்ததில் கொஞ்சத்தையாவது அடுத்த ரமலான் வரை பாதுகாக்கும் நஸீபை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.