நெய்யாற்றின்கரையைத் தேடும்போது



கேரள எல்லையோரப் பாறசாலைப் பக்கத்து வீடுகளில் இரும்புப் பெட்டியைத் திறந்தால் இரண்டு மொழிக் காகிதங்கள் இருக்கும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் நிலக் காகிதத்தின் பெயர் பத்திரம், இந்தப் பக்கம் ஆதாரம். இப்போது இவையெல்லாம் கணினிக்குள் போய்விட்டன. தேடினால் கிடைக்க வேண்டுமே!

விண்டோஸில் 'எவ்ரிதிங்' என்ற இலவசக் கருவி உண்டு. வட்டின் பெயர்ப்பட்டியலையே வாசித்து வைத்துக்கொள்வதால், தட்டத் தட்டக் கோப்பு வந்து நிற்கும். ஆனால் அது முதன்மையாகப் பெயரைத்தான் தேடும். கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் பழகும் லினக்ஸில் 'ஃபைண்ட்' என்ற கட்டளை கோப்புறை கோப்புறையாக நடந்து பார்க்கும். தாமதமாகும், ஆனால் இப்போது இருப்பதைச் சொல்லும். 'லொகேட்' நொடியில் சொல்லும். அதன் பட்டியல் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும் என்பதால் இன்று காலை சேமித்தது அதில் இருக்காது. கோப்பின் உள்ளே இருக்கும் சொல் வேண்டுமென்றால் 'கிரெப்', அல்லது எல்லாவற்றையும் முன்கூட்டியே வாசித்து அட்டவணை போடும் 'ரிகோல்'. கிடைத்ததைத் திறக்காமலே பார்க்க 'சூஷி' போதும்: கோப்பைத் தொட்டு இடைவெளி விசையை அழுத்தினால் முன்னால் விரியும்.

இத்தனை இருந்தும் நம் ஊர்ப் பெயரிலேயே தேடல் தடுக்கி விழுகிறது. மலையாளத்தில் நெய்யாற்றின்கரை என்று எழுதும்போது நடுவில் வரும் 'ன்' ஒரு சில்லெழுத்து, அதாவது உயிர் சேராத மெய்யின் தனி வடிவம். முன்பு அதை 'ந' என்ற எழுத்து, நம் மெய்ப்புள்ளி போன்ற சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி என மூன்றாகச் சேர்த்துப் பதிந்தார்கள். 2008இல் யூனிகோடு 5.1 அதற்குத் தனி எண் கொடுத்தது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், 'கிரெப்'புக்கோ இரண்டும் வேறு சொல். பழைய கோப்பு கண்முன்னே இருந்தும் "இல்லை" என்று வந்துவிடும். ஒரு குடும்பத்தின் நிலக் காகிதம் அப்படி மறைந்துபோவது எனக்குப் பொறுக்கவில்லை.

தமிழிலும் இது உண்டு. 'கொ' என்பதில் ஒற்றைக் குறியும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டும் இருக்கலாம். ஸ்கேன் செய்த பத்திரமோ வெறும் படம். அதை முதலில் 'டெசராக்ட்' போன்ற எழுத்துணரியில் கொடுக்க வேண்டும். அது தமிழும் மலையாளமும் வாசிக்கும்.

சில்லெழுத்துச் சிக்கலைத் தவிர்க்க, மலையாளத்தில் ஊர்ப் பெயரை முழுக்கத் தட்டாதீர்கள். சில்லெழுத்துக்கு முன்னாலேயே நிறுத்தி, 'நெய்யாற்றி' வரை மட்டும் கொடுங்கள். பழையதும் புதியதும் சேர்ந்தே வரும்.